சறுக்குமரமும் அறுபது பொம்மைகளும்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், "கோடு பார்க்கிறேன்" என்பேன். கேட்டவர் உடனே உள்ளங்கையை நீட்டிவிடுவார். கைரேகை இல்லை ஐயா, வானம் என்று நான் விளக்குவதற்குள் அவருக்குப் பேருந்து வந்துவிடும். தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் இன்றுவரை தொழில் பழகாத ஜோசியன்.

நீங்கள் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை என்று நம்பிச் சொல்கிறேன். நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் சில விண்மீன் மண்டலங்கள் இன்னும் விண்மீன்களைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் துளி வெளிச்சத்தைத் தொலைநோக்கி நிறம் நிறமாகப் பிரித்து ஒரு கோடாக வரைந்து கொடுக்கும். குளிர் காய்ச்சல்காரர் பேனா பிடித்த மாதிரி அது முழுக்க நடுங்கும். அந்த நடுக்கத்தின் நடுவே ஓர் இடத்தில் மேடு தட்டினால், அது பச்சைக்குழந்தை விண்மீன்களின் சூட்டில் ஒளிரும் வாயு. மேடு சிவப்புப் பக்கம் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறதோ, மண்டலம் அவ்வளவு தூரம். ஒரே ஒரு மேடுதான் தெரிகிறது என்றால் தலைவலி. பாதி வழியில் இருக்கும் ஆக்சிஜனா, எல்லாவற்றுக்கும் அப்பால் இருக்கும் ஹைட்ரஜனா என்று அடித்துச் சொல்ல முடியாது.

கணினிக்கு எல்லா நடுக்கமும் மேடுதான். அதனால் மனிதக் கண் வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், பார்த்து மதிப்பெண் போடுவோம். நான்கு என்றால் சத்தியம். மூன்று, பெரும்பாலும் சரி. இரண்டு, இருந்தாலும் இருக்கும். ஒன்று, தெரியாது. பூஜ்யம் என்றால் எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். இருவருமே குறைந்தது மூன்று போட்டால்தான் மண்டலம் பட்டியலில் ஏறும்.

அந்த இரண்டாவது ஆள் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். எனக்கும் அவருக்கும் நடுவே துணி போர்த்திய ஒரு தட்டி. திரை மூடிய ஜன்னல், மெல்ல மெல்லக் கீழே இறங்கும் நாற்காலிகள், அவர் பெருமூச்சு, என் பெருமூச்சு. பதினொரு வருடம் இப்படியே போயிற்று.

எங்கள் கண் விழித்திருக்கிறதா என்று பார்க்க, அலுவலகம் சில பொய் மண்டலங்களைச் செய்து உண்மையானவற்றோடு கலந்துவிடும். அவற்றுக்குப் பொம்மை என்று பெயர். எத்தனை பொம்மைகளைக் கண்டுபிடித்தோம் என்பதை வைத்து, எத்தனை நிஜங்களைக் கோட்டைவிட்டிருப்போம் என்று மதிப்பிடுவார்கள். எது பொம்மை என்பது பார்க்கிறவனுக்குத் தெரியவே கூடாது. தொலைநோக்கி எடுத்த படத்தில் அவற்றைக் கண்டபடி தூவுவது கணினிதான். எங்கே எது போய் உட்கார்ந்தது என்ற பட்டியலையும் அதுவே அச்சிட, யாரும் படிக்காமல், உறையில் போட்டு ஒட்டி எங்கள் குழுத் தலைவியின் அலமாரியில் பூட்டிவிடுவார்கள்.

பொம்மை செய்பவர் மாடியறையில் இருக்கிறார். அவர் என் மனைவி.

இதனால் வீட்டில் இதுவரை ஒரு சிரமமும் வந்ததில்லை. "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்று கேட்பேன். "சொல்லக்கூடாது" என்பாள். பல வீடுகளில் இதைவிடக் குறைவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சிரமம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் கோட்டில், சிவப்பின் ஓரத்தில், ஒரே ஒரு மேடு. இடது பக்கம் செங்குத்து, வலது பக்கம் நீளமான சரிவு. பூங்காவில் நிற்கும் சறுக்குமரம் மாதிரி. ஹைட்ரஜன் மிகத் தொலைவிலிருந்து வந்தால் அப்படித்தான் சரியும். அது நிஜமென்றால், இதுவரை நான் பார்த்த எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் இருப்பது அதுதான். நான் மூன்று போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தட்டியதில் முப்பத்துமூன்று விழுந்து, கணினி என்னைக் கடிந்துகொண்டது.

அரை மணி நேரம் கழித்துத் தட்டிக்கு மேலே மச்சானின் தலை எழுந்தது.

"மாப்ளே, நானும் மூணு. உங்க மூஞ்சிக்காக இல்ல. அந்தச் சரிவுக்காக."

அதற்குச் சறுக்குமரம் என்று பெயர் வைத்தேன். பதினொரு வருடத்தில் நான் பெயர் வைத்தது அது ஒன்றுக்குத்தான். தலைவி என்னைக் கூப்பிட்டுப் பெரிய தொலைநோக்கியில் ஆறு மணி நேரம் கேட்டு எழுதச் சொன்னார். இரண்டாவது மேடு ஒன்று கிடைத்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் பொம்மையைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கியைத் திருப்பினால் உலகம் சிரிக்கும். அதனால் விண்ணப்பம் போவதற்கு முன், ஆறு வாரத்தில், உறையைப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

"அதுவரைக்கும் பொம்மை செய்றவங்களோட நீங்க பேசக்கூடாது" என்றார் தலைவி.

"சாப்பிடும்போது மட்டும் பேசிக்கலாமா?"

"எதுக்கு அவங்களோட சாப்பிடுறீங்க?"

"கல்யாணம் ஆயிடுச்சு மேடம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எனக்குப் பூஜ்யம் போட்டது போலிருந்தது.

மறுநாள் மாலை வாசல் மணி அடித்தது. விதிப்பிரிவிலிருந்து ஒருவர், கக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியோடு நின்றார். இரகசியம் காக்கப்படுகிறதா என்று கவனிக்க வந்த சாட்சி. நாங்கள் இருவரும் விழித்திருக்கும் நேரம் முழுக்க உடனிருப்பாராம்.

"நீங்க பாட்டுக்கு இருங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு நேர் முன்னால் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அதன்பின் தண்ணீர் வேண்டுமென்றால் அவர் எழுந்தாக வேண்டும். எழும்போதெல்லாம் "நான் இல்லை" என்று நினைவூட்டிக்கொண்டே எழுவார்.

வீட்டில் சில சொற்கள் செல்லாக்காசாயின. சமையலறை விளக்கு மினுக்மினுக் என்றது. மனைவி, "என்னங்க, இந்த பல்பு ரொம்ப மங்கலா இருக்கு" என்றாள்.

"மன்னிக்கணும்மா. 'மங்கல்' கூடாது" என்றார் சாட்சி.

"சரி, இந்த பல்பு வெளிச்சமா இல்ல."

"'வெளிச்சம்' அதைவிட மோசம்."

அன்றிலிருந்து இருட்டில்தான் சமைத்தோம். அவர் கூச்சப்படாமல் இருட்டிலேயே சாப்பிட்டு, இருட்டிலேயே குறிப்பு எழுதினார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'மாலை 7.40. மனைவி இருமினார். பொருள் விளங்கவில்லை' என்றிருந்தது.

என் மனைவி இரும்புப் பெட்டி. சாட்சி இல்லாவிட்டாலும் வாயைத் திறக்கமாட்டாள். நான் கவலைப்பட்டது வேறு ஒன்றுக்காக. சறுக்குமரத்தைப் பற்றிச் சொன்ன அந்தச் செவ்வாய் மாலையிலிருந்து அவள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. தொலைவில் இருப்பதைப் பார்த்தே பழகிய கண். எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியைக் கையிலிருந்து வாங்கி, "நீங்க உக்காருங்க, நான் தேய்க்கிறேன்" என்றாள். இரண்டு ஆம்லெட்டில் பெரியது என் தட்டுக்கு வந்தது. பேருந்தில் ஜன்னலோர இடம் எனக்கு. நான் ஒன்பது முறை சொன்ன ஒரு நகைச்சுவையைப் பத்தாவது முறை சொன்னபோது சிரித்தாள். அன்றுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

தொழில்புத்தி சும்மா இருக்குமா? நாள்வாரியாக அவளுடைய அன்பை ஒரு தாளில் வரைந்தேன். பதினொரு வருடமாக ஒரே சீரான நடுக்கம். அந்தச் செவ்வாயில் ஒரே தூக்காகச் செங்குத்து. அப்புறம் இறங்கவேயில்லை.

மச்சான் தட்டியைச் சுற்றி வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே மாப்ளே. எவ்வளவு தூரம் இது?"

"உங்க தங்கச்சி."

அவர் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவளைப் பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன். அவ ஒருத்தன்கிட்ட வள்ளுனு விழுந்தா அவன் நல்லாயிருக்கான்னு அர்த்தம். அப்பாவுக்கு ஆபரேஷன் நாள் குறிச்சப்ப, அவருக்கு உக்காந்து நகம் வெட்டிவிட்டா. அவர் அப்பவே பயந்துட்டார்."

"அப்ப சறுக்குமரம்?"

"நான் ஒண்ணும் சொல்லல. இந்த மேட்டைக் காட்டி மதிப்பெண் கேட்டா நாலு போடுவேன். அவ்வளவுதான்."

அவளுக்குத் தெரியும். சறுக்குமரம் அவள் செய்த பொம்மை. சொல்ல முடியாமல், பாவம் இந்த மனுஷன் என்று ஆம்லெட்டாகவும் ஜன்னலோரமாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பொம்மையில் ஏமாறுவது குற்றமில்லை. ஏமாறுவதற்காகத்தானே செய்கிறார்கள். ஆனால் அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். தலைவி உறையைப் பிரித்து என் எண்ணைப் படிப்பார். எல்லாத் தலைகளும் முதலில் என் பக்கம் திரும்பும், அடுத்து அவள் பக்கம். புருஷன் பெயர் வைத்துக் கொஞ்சியது பெண்டாட்டி மாடியில் செய்த பொம்மை என்று வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் அதைத் தாங்கமாட்டாள். இப்போதே கையிலிருந்து பொருள்கள் நழுவின. நான் "சறு" என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள்.

உறை பிரிக்கும்வரை மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. நானே குறைத்துவிட்டால் மண்டலம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். விழுந்த எண் உறைக்குள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? யாரும் தேடமாட்டார்கள்.

பிரிக்கும் நாள் காலை, எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டைத் திறந்தேன். எவ்வளவு குறை தேடினாலும் அது சறுக்குமரமாகவே நின்றது. குழந்தைகள் மட்டும்தான் இல்லை. மூன்றை அழித்து ஒன்று போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'மேடு தெளிவாக இல்லை' என்று எழுதினேன். நான் அந்தக் கட்டத்தில் எழுதிய முதல் பொய். பதினொரு வருடம் ஒழுங்காக இருந்ததற்கு அது ஒன்றும் கெட்ட கணக்கில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கூட்ட அறை. நீள மேசையின் தலைப்பில் தலைவி. ஒரு பக்கம் நானும் மச்சானும், எதிரே மனைவி. எங்களுக்கு நடுவில், ஏராளமான நாற்காலிகள் காலியாகக் கிடக்க, தன் மடக்கு நாற்காலியை விரித்துச் சாட்சி.

தலைவி உறையைப் பிரித்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மனைவி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. அடுத்தது நாலாயிரத்து இருநூற்று மூன்று.

நடுவில் என் எண் வரவே இல்லை. தலைவி படித்துக்கொண்டே போய், ஐம்பத்தேழாவது எண்ணோடு தாளை மடித்தார்.

"நான் அறுபது செஞ்சேன்" என்றாள் மனைவி.

"மூணு ஓரத்துல விழுந்திருக்கு" என்றார் தலைவி. "படத்துக்கு வெளியே போயிட்டதால கலக்கலைன்னு கீழே போட்டிருக்கு."

"அதுல ஒண்ணு சிவப்பு ஓரத்துல, வலது பக்கம் சரிவா..."

"ஆமா. அது உள்ளேயே வரல."

மனைவி என்னைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"நான் செஞ்சதுதான்னு நினைச்சேங்க" என்றாள். "அதே இடம், அதே சரிவு. செஞ்சவளுக்கே அடையாளம் தெரியல. வானத்துல தானாவே ஒண்ணு இருந்திருக்கு."

நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாததால் மறுபடி உட்கார்ந்தேன்.

"சந்தோஷப்பட அவசரப்படாதீங்க" என்றார் தலைவி திரையைப் பார்த்து. "நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு பட்டியல்லயே இல்லையே. இன்னைக்குக் காலைல ஒருத்தர் மூணை ஒண்ணா மாத்தியிருக்கார்."

மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே. என்னோட மூணுக்கு என்ன மரியாதை?"

உறை பிரித்தபின் மதிப்பெண்ணைத் தொட முடியாது. விண்ணப்பத்துக்கு அன்று மாலைதான் கடைசி. ஆறு மணி நேரம் வேறு யாருக்காவது போய்விடும், சறுக்குமரம் யாரும் ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு சாட்சி எழுந்தார்.

"பதினாலாவது விதி. மதிப்பெண் கோட்டைப் பார்த்து மட்டும்தான் போடணும். வேற எதையாவது பார்த்து மாத்தியிருந்தா, மாத்தினது செல்லாது. பழசுதான் நிக்கும்."

தலைவி என்னிடம், "எதைப் பார்த்து மாத்தினீங்க?" என்றார்.

உண்மையைச் சொன்னால் சறுக்குமரம் திரும்பிவிடும். ஆனால் என் மனைவி ஆம்லெட் மூலமாக இரகசியத்தைக் கசியவிட்டாள் என்றாகும். பொம்மை செய்பவர் கசியவிட்டால் அந்த மாடியறை அவளுடையதில்லை.

"கோட்டைப் பார்த்துதான்" என்றேன்.

"என்ன தெரிஞ்சுது?"

"தெளிவா இல்ல."

"பொய்" என்றார் மச்சான்.

"எனக்குக் கண்ணு கொஞ்சம்..."

"என்னங்க" என்றாள் மனைவி, "என்னைப் பார்த்துதான் மாத்தினீங்களா?"

நான் மேசையைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"எழுதியிருக்கேன் மேடம்" என்று சாட்சி தன் நோட்டைப் பிரித்தார். நாற்பத்தொரு நாள் எங்கள் உப்பைத் தின்றவர். "முதல் நாள்: மனைவி சட்டி தேய்த்தார். கணவர் கேட்கவில்லை. நாலாம் நாள்: பெரிய ஆம்லெட். ஒன்பதாம் நாள்: கணவரின் நகைச்சுவைக்குச் சிரித்தார். நகைச்சுவை நன்றாக இல்லை. பதினேழு: சட்டைக்குப் பொத்தான் தைத்தார். இருபத்திரண்டு: கதவைத் தாழ்போட்டது யார் என்ற வாதத்தில் வேண்டுமென்றே தோற்றார். தாழ்போட்டது மனைவிதான், நானே பார்த்தேன்."

"போதும்" என்று மனைவி எழுந்தாள். "ஆமா. பாவம்னு நினைச்சேன். இவர் பதினொரு வருஷமா ஒண்ணுக்கும் பேர் வெச்சதில்ல. வெச்ச ஒண்ணும் நான் செஞ்ச பொம்மையாச்சேன்னு மனசு கேக்கல. வாயால எதுவும் சொல்லல. கை பண்ணிடுச்சு. கசிவுன்னா கசிவுதான், எழுதிக்குங்க. அவரோட மூணைத் திருப்பிக் குடுத்துடுங்க."

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அது என்னவோ கூட்ட அறைகளில் எனக்கு அப்படி ஆகும்.

"கசிவுன்னு எழுத முடியாதும்மா" என்றார் சாட்சி. "விதியில 'தகவல் கசிவு'ன்னுதான் இருக்கு. தகவல்னா அது சரியா இருக்கணும். நீங்க நினைச்சது தப்பு. தப்பு கசிஞ்சா அதுக்கு நம்மகிட்ட படிவம் கிடையாது."

தலைவி விதிப்புத்தகத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு திரையில் எதையோ தட்டினார்.

"மூணு" என்றார். "விண்ணப்பத்தை நாலு மணிக்குள்ள அனுப்புங்க. காரணம் எழுதுறப்ப ஆம்லெட்டைப் பத்தி எழுத வேண்டாம்."

விண்ணப்பம் மூன்று ஐம்பதுக்குப் போயிற்று. சாட்சி நாற்காலியை மடக்கிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கைகொடுத்து, "அந்த பல்பை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாடியேறினேன். அதுவரை அந்த அறைக்குள் நான் போனதில்லை. கோடு பார்ப்பவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஒரு மேசை, ஒரு திரை, வற்றிய தேநீர்க் கோப்பை. அவள் திரும்பாமலே, "உள்ள வாங்க" என்றாள்.

"வரக்கூடாது."

"கதவுக்கு வெளிய நின்னும் பார்க்கக்கூடாது. அதுக்கு உள்ளயே வரலாம்."

திரையில் ஒரு கோடு. என் சறுக்குமரம் என்றே நினைத்தேன்.

"உங்களுது இல்ல. என்னுது. ஓரத்துல விழுந்தது."

"மூடு, மூடு. நான் பார்த்துட்டா அழிச்சாகணுமே. அடுத்த வருஷம் கலந்துவிடலாம், நல்ல பொம்மை."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். வலது பக்கச் சரிவு மெழுகால் இழைத்தாற்போல் இறங்கியது. என்னுடையதில் நடுவே ஒரு பள்ளம் உண்டு. இதில் இல்லை. புதிதாய்ப் பிறந்த விண்மீன்களைச் சுற்றி வாயு எப்படிக் கிளம்பும், எந்த வேகத்தில் விலகும் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் செய்திருந்தாள். நடுக்கத்தைக்கூடக் கையால் தைத்த மாதிரி இருந்தது.

"இந்தச் சரிவுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"ரெண்டு மாசம்."

"பள்ளம் வைக்கல."

"நிஜத்துல பள்ளம் இருக்கும்னு தோணல." சற்று யோசித்து, "வெச்சிருக்கணும்" என்றாள். பிறகு, "பதினொரு வருஷத்துல நான் செஞ்ச ஒண்ணை, நான் செஞ்சதுன்னு தெரிஞ்சு நீங்க பார்க்கிறது இதான் முதல் தடவை" என்றாள்.

எத்தனையோ பார்த்திருப்பேன். மூன்று போட்டிருப்பேன், இரண்டு போட்டிருப்பேன், சிலவற்றுக்குக் கண்ணாடி துடைக்க எழுந்து போயிருப்பேன். எது எது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

அவள் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று திரை கேட்டது.

"இரு, இரு" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல."

"கோடு பார்க்கிறவரைக் கட்டிக்கிட்டா இதான்" என்று வள்ளென்று விழுந்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். திரை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருவரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.